மூக்குப்பேணி, திருவலை, ஜாம் போத்தல்: பழைய சாமான்களை வரைந்த குறிப்புகள்

பழைய வீட்டுச் சாமான்களை வரைபவர்களில் நிறையப் பேர் கடைசியில் படம் முழுக்க ஒரு பழுப்புத் தண்ணீரை ஓட விடுவார்கள், பழைய போட்டோ போலத் தெரியவேண்டும் என்று. எனக்கு அது பிடிப்பதில்லை. எங்கள் அம்மம்மாவின் குசினி ஒருநாளும் பழுப்பாக இருந்ததில்லை. சுண்ணாம்புக்குள் நீலம் கலந்து அடித்த சுவர், கூரையில் ஓடுகளுக்கு நடுவே வைத்த கண்ணாடி ஓட்டால் விழும் வெள்ளை வெளிச்சம், அடுப்பு மூலை மட்டும் கரி பிடித்துக் கறுப்பு. இந்த நிறங்களை மாற்றாமல் வைத்துக்கொண்டே, பார்க்கிறவருக்கு "இது எங்கள் வீட்டிலும் இருந்ததே" என்று தோன்றும்படி வரைய முடியுமா என்று பார்க்கத்தான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். முடியும். எந்த உயரத்தில் இருந்து பார்க்கிறோம், அந்தப் பொருள் எங்கே தேய்ந்திருக்கிறது, இந்த இரண்டையும் சரியாகப் பிடித்தால் போதும், பழுப்பு தேவைப்படாது. அதை எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் பலகை. நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில். இங்கே கடற்காற்று எல்லாவற்றுக்குள்ளும் போகும். கடதாசியில் வரைந்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக வந்துவிடும், கன்வஸ் ஈரத்துக்குத் தொய்ந்து பிறகு வெயிலுக்கு இறுகும். அதனால் பிளைவுட். ஓர் அடிக்கு ஒன்பது அங்குலம் அளவில் தச்சரிடம் வெட்டுவித்தேன், இதைவிடப் பெரிதாக இந்தச் சாமான்களுக்குத் தேவையில்லை, கிட்டத்தட்ட உண்மையான அளவிலேயே மூக்குப்பேணியை, அதாவது மூக்கு வைத்த பித்தளைப் பேணியை, வைக்கலாம். பலகையின் முன்பக்கம் மட்டும் பூச்சுப் பூசினால் அது ஒரு பக்கமாக வளையும், ஏனென்றால் பின்பக்கம் ஈரத்தைக் குடிக்கும், முன்பக்கம் குடிக்காது. ஆகவே பின்பக்கம், நாலு விளிம்பு எல்லாவற்றுக்கும் பூச்சு வேண்டும். விளிம்புகள்தான் முக்கியம், பிளைவுட் தண்ணீரை அங்கேதான் உறிஞ்சும். முன்பக்கத்துக்கு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மெல்லிசாக, ஒருமுறை நெடுக்காக, அடுத்தமுறை குறுக்காக. இடையிடையே 220 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்க்கவேண்டும். சாண்ட் பேப்பர், பூசும் பட்டைத் தூரிகை எல்லாம் பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஓவியக் கடைக்குப் போகத் தேவையில்லை.

வர்ணக் குழாய்களுக்கு மட்டும் அப்படி வழி கிடையாது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 அளவுக்குப் போனதும் இறக்குமதிக் குழாய்கள் கைக்கு எட்டாத விலைக்கு ஏறின. அதிலிருந்து நான் ஆறு நிறத்தோடு வாழப் பழகிக்கொண்டேன்: டைட்டானியம் வெள்ளை, யெலோ ஓக்கர், கட்மியம் மஞ்சள், பேர்ன்ட் சியன்னா, ரோ அம்பர், அல்ட்ராமரீன் நீலம். கறுப்புக் குழாய் வாங்குவதே இல்லை. அல்ட்ராமரீனும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வருகிற கறுப்பு உயிருள்ள கறுப்பு, நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்து வரும், சியன்னாவைக் கூட்டினால் அடுப்பங்கரைக் கரியாகும். காசு இல்லாமல் எடுத்த முடிவுதான், ஆனாலும் இப்போது வசதி வந்தாலும் மாற்றமாட்டேன், ஆறு நிறத்துக்குள் வரைந்தால் தொடர் முழுவதும் ஒரே வீட்டுக்குள் நடப்பது போல இருக்கிறது.

சரி, வரையும் முறைக்கு வருகிறேன்.

பொருளைப் பார்த்து வரைவதற்கு முன்னால் ஞாபகத்தில் இருந்து ஒருமுறை வரையவேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது தா. சனாதனனின் வேலையைப் பார்த்து. யாழ்ப்பாணத்து ஓவியர். போரால் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்தில் இருந்து வரைந்து தரச் சொல்லி, அவற்றோடு அவர்களின் கதைகளையும் தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூலாக்கினார். அந்தத் தரைப்படங்களைப் பார்த்தால் தெரியும், கிணறும் மாமரமும் சில வேளை வீட்டு அறையைவிடப் பெரிதாக வந்திருக்கும். அளவுநாடாக் கணக்கில் அது பிழை. அந்த மனிதருக்கு அந்த வீடு அப்படித்தான். அதனால் நானும் முதலில் கண்ணை மூடி யோசித்து, பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் வரைவேன், அதை அம்மாவிடம் காட்டுவேன். பிறகுதான் பொருளை எடுத்து முன்னால் வைப்பது.

அம்மாவின் திருத்தங்கள் இந்தத் தொடரில் பாதி. திருவலையை, அதாவது இருந்துகொண்டு தேங்காய் துருவும் பலகையை, நான் வரைந்து காட்டியபோது, நடுவில் பள்ளம் விழுந்த பலகையாகப் போட்டிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நடுவிலையே பிள்ளை? அம்மா ஒரு காலை மடிச்சு ஒரு பக்கமாத்தான் இருப்பா. பள்ளம் வலப்பக்கமெல்லோ விழுந்திருக்கும்" என்றா. பரண் மேலிருந்து இறக்கிப் பார்த்தோம். வலப்பக்கம்தான். அந்தச் சாய்ந்த பள்ளத்துக்குள் அம்மம்மா இருந்த விதம் முழுவதும் இருக்கிறது. மனிதரை வரையாமல் மனிதரை வரைவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஞாபகப் படத்தில் எதை வைத்திருப்பது, எதைத் திருத்துவது? என் விதி இது: அளவிலும் உயரத்திலும் ஞாபகம் சொல்வதை நம்பு, நிறத்திலும் தேய்மானத்திலும் பொருள் சொல்வதை நம்பு. ஞாபகத்தில் அரிக்கன் லாம்பு எனக்கு மிகப் பெரிது, ஏனென்றால் நான் தரையில் இருந்து படித்தேன், லாம்பு வாங்கின் (பெஞ்சின்) மேல் இருந்தது. ஆகவே பொருளை வைக்கும்போது மேசையில் வைத்து மேலிருந்து பார்ப்பதில்லை. நான் தரையில் பாய் போட்டு இருந்துகொண்டு, பொருளை வாங்கின் மேல் வைப்பேன். இதனால் வட்டங்கள் மாறும். பாத்திரத்தின் வாய் நம் கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக அகன்ற நீள்வட்டமாகத் தெரியும், கண்மட்டத்துக்கு வந்தால் வெறும் கோடு, கண்ணுக்கு மேலே போனால் வாயின் உட்பக்கம் தெரியவே தெரியாது. இப்போது வருகிற மூக்குப்பேணிப் படங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் வாய் அகன்று தெரியும், வளர்ந்த ஆள் நின்றுகொண்டு பார்ப்பது. என் படத்தில் வாய் ஒரு கோடுதான். அதைப் பார்த்த என் பெரியம்மா வேறு எதுவும் கேட்கவில்லை, "ஓம், சின்னனிலை இப்பிடித்தான் தெரியும்" என்றா.

மூக்குப்பேணியில்தான் அதிக நேரம் போனது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தெரியாதவர்களுக்கு: வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்காக ஒரு பக்கம் மூக்கு வைத்த பித்தளைப் பேணி, யாழ்ப்பாணத்து வீடுகளில் வந்தவர்களுக்குத் தண்ணீரும் தேத்தண்ணீரும் அதில்தான் கொடுப்பார்கள். பித்தளை என்றதும் கை மஞ்சள் குழாய்க்குப் போகும். போகவிடக் கூடாது. பித்தளையில் பெரும்பகுதி மஞ்சளே இல்லை, சுற்றியுள்ள அறைதான் அதில் தெரிகிறது, மஞ்சள் கண்ணாடிக்குள்ளால் பார்த்த அறை. யன்னல் ஒரு ஒடுங்கிய வெள்ளைக் கீற்றாக நெட்டுக்கு நிற்கும், அதற்கு ஒட்டினாற்போல மிகக் கடுமையான இருட்டு, அந்த இரண்டும் சேரும் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் உலோகம் என்று கண் நம்பும், மழுக்கினால் களிமண் ஆகிவிடும். நான் கண்ணைப் பாதி மூடிப் பார்த்து மூன்றே படிகளாகப் பிரித்தேன், இருட்டு, நடு, வெளிச்சம். இருட்டுக்கு ரோ அம்பரும் அல்ட்ராமரீனும். நடுப்பகுதிக்கு ஓக்கரில் ஒரு துளி நீலம், அது லேசாகப் பச்சை சாயும், பழைய பித்தளை உண்மையில் அப்படித்தான் இருக்கிறது. கடைசிப் பளிச்சென்ற புள்ளிக்கு வெறும் வெள்ளை போடக் கூடாது. பீங்கான் கோப்பையில் அந்தப் புள்ளி விளக்கின் நிறத்தில், வெள்ளையாகவே, இருக்கும். பித்தளையும் செம்பும் தங்கமும் தெறிக்கும் ஒளிக்குத் தங்கள் நிறத்தையும் கொடுத்துத்தான் அனுப்பும். ஆகவே வெள்ளையில் ஒரு ஊசிமுனை கட்மியம் மஞ்சள். கட்மியம் இந்தப் படத்தில் வருகிற இடம் அது ஒன்றுதான்.

இனி தேய்மானம். கை பிடிக்கும் இடுப்பு மற்ற இடங்களைவிட வெளிச்சமாக இருக்கிறது, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கோடுகள் கிடையாக ஓடுகின்றன, மூக்கு உடம்போடு ஒட்டும் மடிப்பில் எந்தப் புளியும் போய்ச் சேராததால் களிம்பு பிடித்துக் கரும்பச்சையாக நிற்கிறது. அந்தக் களிம்புக் கோட்டை நூல் தடிப்பில் வரைந்த பிறகுதான் பேணி எங்கள் வீட்டுப் பேணியானது. அதுவரை அது கடையில் வைத்திருக்கும் பேணி.

அடிப்படை நிறங்களை அக்ரிலிக்கில் முடித்துவிட்டு மேலே எண்ணெய் வர்ணம் போடுகிறேன். இதைத் தலைகீழாகச் செய்யவே கூடாது, எண்ணெயின் மேல் அக்ரிலிக் ஒட்டாமல் உரிந்துவிடும். அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது இருப்பதைவிடக் காய்ந்தபின் ஒரு படி இருண்டு போகும், ஆகவே கொஞ்சம் வெளிச்சமாகவே கலக்கவேண்டும். மின்விசிறியை வரையும்போது நிறுத்தி வையுங்கள், தட்டிலேயே தோல் பிடித்துவிடும். இன்னொன்றை முக்கியமாகச் சொல்லவேண்டும், மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும்: எண்ணெய் வர்ணத்தோடு சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடைக்குள் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு வெளிவரும், சுருட்டிய துணிக்குள் சூடு போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரப் பேணிக்குள் போட்டு, பிறகு எறியவேண்டும்.

திருவலை பேணியை விட இலகு. தேங்காய்ப்பால் பட்டுப் பட்டு வெளிறிய பலகை, ஆட்கள் இருந்து இருந்து வழவழப்பான அந்த வலப்பக்கப் பள்ளம். வழவழப்பான மரத்தில் ஒளி பித்தளை போலக் கூர்மையாக நிற்காது, விளிம்பு கரைந்து பரவும், அதனால் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெல்லிய தூரிகையால் தடவி விட்டேன். இரும்பு நாக்கின் பல்லில் கறள், அதற்குப் பேர்ன்ட் சியன்னா அப்படியே குழாயில் இருந்து. முடிந்தது.

ஜாம் போத்தல் விளக்கு வேறு கதை. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி, போத்தலே சிமினி. அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதிய தலைமுறை இப்போது கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கிறது. அதை வரைய வேண்டும் என்று நெடுநாள் எண்ணம், ஆனால் அந்த ஒளியைத் திருப்பிப் பார்க்காமல் வரைய மனம் வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போனதே, அப்போது அம்மா ஒரு போத்தலைத் தேடி எடுத்து அதே மாதிரிச் செய்து காட்டினா. நான் பக்கத்தில் இருந்து பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

குறித்ததில் பயன்பட்டவை: சுடர் வெள்ளை அல்ல, அடியில் சிறு நீலம், நடுவில் வெளிறிய மஞ்சள், நுனியில் செம்மஞ்சள். விளக்கு தாழ்வாக இருப்பதால் நிழல்கள் சுவரில் மேல்நோக்கி ஏறுகின்றன, கதிரையின் நிழல் கதிரையைவிட உயரம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று பள்ளியில் படித்ததை இங்கே கண்ணால் காணலாம், இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கால்வாசி வெளிச்சம்தான். அதனால் புத்தகம் தெரியும், அதைப் பிடித்த கை தெரியும், முகம் பாதி தெரியும், பின்னால் உள்ள சுவர் கிடையாது. வர்ணத்தில் உண்மையான ஒளி இல்லை, வெள்ளைக் குழாய்க்கு மேலே போக வழியில்லை, ஆகவே சுடரை எரியவைக்க ஒரே வழி மற்ற எல்லாவற்றையும் துணிந்து இருட்டாக்குவது. பலகையின் முக்கால்வாசியை அல்ட்ராமரீன் சியன்னாக் கலவையால் மூடினேன், சுடருக்குக் கிட்டே சியன்னா கூட, தள்ளிப் போகப் போக நீலம் கூட. கண்ணாடிப் போத்தலைத் தனியாக வரையவே தேவையில்லை. விளிம்பில் இரண்டு கோடு, அடியில் கண்ணாடி தடித்த இடத்தில் ஒரு வளைவு, உள்ளே பஞ்சு. மீதியைப் பார்ப்பவரின் கண் செய்துகொள்ளும்.

போத்தல்களை வரைவதென்றால் மொராண்டியைப் பார்க்காமல் விடமுடியாது. இத்தாலியில் பொலோன்யா நகரில் 1890 முதல் 1964 வரை வாழ்ந்தவர், மூன்று சகோதரிகளோடு இருந்த வீட்டில், படுக்கை அறையே வேலை அறை, அதே போத்தல்களையும் குவளைகளையும் இடம் மாற்றி மாற்றி வாழ்நாள் முழுக்க வரைந்தார். போத்தல்களில் தூசி படிய விடுவார், பளபளப்பு அடங்கி நிறம் ஒன்றுபடும். அவரிடம் நான் எடுத்துக்கொண்டது ஒரு விடயம்: பொருட்களை நடுவில், சுற்றி வெறும் இடம் விட்டு வைப்பது. பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் குவித்தால் அது ஏலக்கடை ஆகிவிடும்.

இடங்களை வரைவது இன்னும் சிக்கலானது, ஏனென்றால் இடத்தைத் தூக்கி வாங்கின் மேல் வைக்க முடியாது. கொழும்பின் காலி வீதியில் (Galle Road) பழைய மாதிரிச் சைவக் கடை ஒன்றை எடுத்துக்கொண்டேன். வடையும் ரோல்ஸும் நிறைந்த கண்ணாடி அலுமாரி, கேளாமலே மேசையில் கொண்டுவந்து வைக்கும் வடைத் தட்டு, எழும்பும்போது தட்டில் மிச்சத்தை எண்ணிக் காசு சொல்வது, கை கழுவும் இடத்தில் ஆணியில் குத்தித் தொங்கும் வெட்டிய பேப்பர்த் துண்டுகள். இப்போது பல கடைகளில் மாபிள் போய், தரைக்கு மினுங்கும் டைல்ஸ், எல்ஈடி விளக்கு. பழைய ரியூப் லைற்றின் வெள்ளையில் ஒரு பச்சைச் சாயல் இருக்கும், எல்ஈடியின் வெள்ளையில் அது கிடையாது. ஆகவே கடையில் உட்கார்ந்து கோடுகளை மட்டும் எடுத்தேன், வெளிச்சத்தை எங்கள் படிக்கட்டில் இன்னும் எரிகிற ஒரு பழைய ரியூப்பின் கீழ் வெள்ளைக் கோப்பையை வைத்துப் பார்த்து எடுத்தேன். வெள்ளையில் ஓக்கரும் நீலமும் மிகக் கொஞ்சம். ஆட்களைப் போடவில்லை. பாதி குடித்த பிளேன்ரீ, தட்டில் மிஞ்சிய வடை, தள்ளி வைத்த கதிரை, அவ்வளவு.

கடைசிப் பலகை வெள்ளவத்தை ரயில் நிலையம், அது இன்னும் வரையும் தாங்கியில்தான் இருக்கிறது. கரையோரப் பாதையில் கடல் மேடைக்கு எதிரிலேயே இருப்பது இங்கே வளர்ந்தவர்களுக்கு அதிசயமே இல்லை. மரைன் டிரைவ் என்ற கரையோர வீதி போடுவதற்கு முன்னால் எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் தண்டவாளத்திலும் கருங்கல்லிலும் போய் முடியும். அதைத்தான் வரையப் பார்க்கிறேன். இதற்கு எனக்கு ஆசான் ஐவன் பீரிஸ். தெஹிவளையில் 1921இல் பிறந்தவர், '43 குழு என்ற இலங்கை நவீன ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஐம்பதுகளில் இங்கிலாந்துக்குப் போய்ப் பிறகு சவுத்எண்டில் குடியிருந்து 1988இல் அங்கேயே இறந்தார். அவருக்கு அங்கேயும் கடல் இருந்தது, ஆனாலும் திரும்பத் திரும்ப வரைந்தது தெஹிவளைக் கடற்கரையை. பார்ன்ஸ் பிளேசில் உள்ள சப்புமல் நிலையத்தில், அதே குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது, அந்தக் குழுவினரின் படங்களை நேரில் பார்க்கலாம். கொழும்பில் இருந்துகொண்டு அங்கே போகாதவர்கள் தயவுசெய்து போங்கள். ஐவன் பீரிஸின் கடலில் ஆரவாரம் இல்லை, ஒரு தொடுவானக் கோடு, சில உருவங்கள், அசையாத நேரம். எதை விட்டுவிடவேண்டும் என்பதை அவரைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்: விளம்பரப் பலகை இல்லை, மின்கம்பிகள் இல்லை, ரயில்கூட இல்லை. மேடையின் விளிம்பு, ஒரு வாங்கு, உப்புக்காற்றில் கறள் பிடித்த தூண்.

இங்கே கண்மட்டம்தான் இன்னும் தீரவில்லை. குழந்தையின் உயரத்துக்கு இறக்கினால் தொடுவானமும் கூடவே இறங்கி, மேடையின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு கடல் ஒரு நாடாவாக ஒடுங்கிவிடுகிறது. ஏற்றினால் கடல் விரிகிறது, ஆனால் அது இப்போது நிற்கிற என் உயரம். அப்பாவின் தோளில் இருந்து பார்த்த உயரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை முயன்று பார்க்கப் போகிறேன், அப்போது வாங்கை மேலிருந்தும் கடலை அகலமாகவும் காட்டலாம்.

முடிந்த பலகைகளுக்கு வார்னிஷ் இப்போது இல்லை. எண்ணெய் உள்ளே காய ஆறு மாதமாவது விடவேண்டும், வெள்ளை தடிப்பாக உள்ள இடங்களுக்கு இன்னும் கூட. அதுவரை கடல் பக்க யன்னல் இல்லாத அறையில், சுவரில் இருந்து இரண்டு விரல் தள்ளி, காற்றுப் போக இடம் விட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். சட்டத்துக்கு மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி வேண்டாம், மெல்லிய மரச்சட்டம் மட்டும். உங்கள் வீட்டில் மூக்குப்பேணி இருந்து அதை வரைய நினைத்தால், தயவுசெய்து புளி போட்டு மினுக்குவதற்கு முன்னால் வரையுங்கள்.